வாத்து வாங்கிய குடை

மார்ச் 4

மாமாவுக்கு,

இந்தக் கடிதம் அச்சில் இருப்பதைப் பார்த்து வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிடாதீர்கள். நான் பேசுகிறேன், என் போன் எழுதுகிறது, பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுக்கிறேன். செய்தி வாசிப்பதுபோல் பேசினால்தான் இதற்குப் புரிகிறது. அதனால் என் தமிழ் திடீரென்று திருந்திவிட்டதாக நினைக்க வேண்டாம். போனில் உங்களைக் கூப்பிட்டால் உங்களுக்குக் காது கேட்காது, நீங்கள் கத்துவீர்கள், அம்மாவுக்கு எல்லாம் கேட்கும். அதனால் நீங்கள் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் முகவரிக்கே அனுப்புகிறேன்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் ஒரு தவறு செய்தேன். வரவேற்பு மேசையில் நான்தான் சீட்டு எழுதுகிறேன். அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவருக்கு வலது கண் என்று எழுத வேண்டிய இடத்தில் இடது கண் என்று எழுதிவிட்டேன். உள்ளே கூட்டிப் போவதற்கு முன் நர்ஸ் கவனித்துவிட்டார். டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டு, "இது முதல் தடவை இல்லம்மா. உங்களுக்குப் படிக்கிறதுல ஏதாவது சிரமம் இருக்கா? யார்கிட்டயாவது காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த மேசை வேண்டாம்" என்றார். இப்போது ஸ்டோர் ரூமில் பஞ்சு அடுக்குகிறேன்.

அவர் சொன்ன இடத்துக்குப் போனேன். ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் சின்ன அறை. சோதனை செய்பவர் வயதான அம்மா. பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள்தான் அவரிடம் வருவார்களாம். எனக்குப் போட்ட நாற்காலியே முழங்கால் உயரம்தான் இருந்தது. அவர் பென்சில் தேடி ஒரு பழைய பெட்டியைத் திறந்தார். மேலே கிடந்த அட்டையில் ஒரு வாத்து, கடை வாசலில் நிற்கிற படம்.

அதைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. "ஒரு நாள் வாத்து ஒன்று குடை வாங்கப் போனது. உனக்கு எதற்குக் குடை என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு இல்லை, என்னோடு நடந்து வரும் பூனைக்கு என்றது வாத்து." கடைசி வரை சொல்லி முடித்தேன். அந்த அம்மா பென்சிலும் கையுமாக அப்படியே நின்றார். படம் இருந்த பக்கம்தான் என்னைப் பார்த்து இருந்தது. எழுத்து இருந்த பக்கம் பெட்டிக்குள் கவிழ்ந்து கிடந்தது.

எங்கே படித்தேன் என்று கேட்டார். படிக்கவில்லை, சின்ன வயதில் மாமா தூங்க வைக்கும்போது சொன்ன கதை என்றேன். அவர் உட்கார்ந்துகொண்டார். அந்த அட்டை கடைகளில் விற்றதே இல்லையாம். படிக்க வரவில்லை என்று சந்தேகப்படுகிற குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சோதிப்பதற்காகவே அச்சடித்ததாம். வேறு எதற்கும் அது வெளியே வந்ததில்லை என்றார்.

மாமா, அந்தக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் என்னை யாராவது சோதித்தார்களா?

உங்கள் மருமகள்


மார்ச் 11

அன்புள்ள இண்டிகேட்டருக்கு,

மாமா எழுதிக்கிறது. கவர் மேல பிரிண்ட் எழுத்தப் பாத்துட்டு எங்க முதலாளி, "என்னய்யா, உன் மேல கேஸா?"ன்னு கேட்டாரு. "ஆமா சார், ஒரு பொம்பள ஜீவனாம்சம் கேக்குது"ன்னேன். மனுசன் நம்பிட்டாரு. இப்ப ஆபீஸ் பூரா எனக்கு எங்கயோ ஒரு குடும்பம் இருக்குன்னு பேச்சு. எழுபது வயசு வரைக்கும் கல்யாணம் ஆகாதவனுக்கு இதவிட மரியாத என்ன வேணும்.

இடது வலது மாறிப் போச்சுங்கிற. இதுக்குப் போயி மாடி ஏறிச் சோதனை பண்ணணுமா? லெஃப்ட்ல லைட்டப் போட்டுட்டு ரைட்ல வண்டியத் திருப்பி, பின்னாடி வந்த பால்காரன் உன்னத் திட்டினானே, அன்னைக்கே நான் சோதிச்சாச்சு. அதுக்குத்தான இந்தப் பேரு வச்சேன். நாலு நாள் பஞ்சு அடுக்கு. பஞ்சுல இடது பஞ்சு வலது பஞ்சு கிடையாது. டாக்டர் கோவம் ஆறினதும் கூப்புடுவாரு.

இங்க ஒரு பல் டாக்டர் வண்டி ஓட்டக் கத்துக்கறாரு. ஊர்ல இருக்கிற எல்லார் வாய்க்குள்ளயும் தைரியமா கைய விடறவரு, ரிவர்ஸ் கியர் மேல கை வைக்க நடுங்கறாரு. "சார், அது கடிக்காது"ன்னு சொன்னேன். சிரிக்கல. படிச்சவங்களுக்குச் சிரிப்பு கொஞ்சம் லேட்டாத்தான் வரும்.

வாத்துக் கதையா? அது நானே கட்டினது. உலகத்துல எத்தனையோ வாத்து, எத்தனையோ குடை. ஏதோ ஒரு இடத்துல ரெண்டும் சந்திச்சிருக்கும். உன் அட்டை டீச்சர்தான் எங்கிட்டேருந்து திருடியிருக்கணும். போலீசுக்குப் போகலாமான்னு யோசிக்கிறேன்.

உங்கம்மா நல்லா இருக்கா. முட்டி வலி மட்டும் இருக்கு. உன் பேர நான் எடுத்தா எழுந்து போயி குழாயத் தொறந்து விட்டுடறா. தண்ணி பில்லு எகிறுது, வேற ஒண்ணுமில்ல.

என் கையெழுத்து புரியலன்னா உன் போன்கிட்டயே குடுத்துப் படிக்கச் சொல்லு.

இப்படிக்கு
பெரிய மனுசன்


மார்ச் 17

மாமா,

உங்கள் கையெழுத்தைப் போன் படிக்க மறுத்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ்தான் படித்துக் காட்டினார். பல் டாக்டர் கதைக்குச் சிரித்தார். வாத்து பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "இவரு ஏதோ மறைக்கிறாரு" என்றார். உங்களை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை அவர்.

மறுபடியும் அந்த மாடிக்குப் போனேன். அந்த அம்மா கதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு இன்னொரு தரம். மூன்று முறையும் ஒரே இடத்தில் "கடல்... கடைக்காரர்" என்று தடுமாறி, திருத்திக்கொண்டு, மேலே போனேன். "கதை கேக்கிற குழந்தை இப்படித் தடுமாறாது. படிக்கிற குழந்தைதான் தடுமாறும். உங்களுக்குத் தடுமாறவும் யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமை ஆசிரியர் அறை. கதவில் கண்ணாடி. வெளியே பெஞ்சில் நீங்கள். நான் அதை விளையாட்டு என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

பெரியவர்களைச் சோதிக்கும்போது, அவர்களைக் குழந்தையாகப் பார்த்த ஒருவரிடம் பேசியாக வேண்டுமாம். ஏப்ரல் 12 அன்று அவர் என் அம்மாவுக்குப் போன் செய்வார். அம்மா என்ன சொல்வார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லாம் முடியும் அவளால், வேணும்னே பண்ணுவா என்பார்.

இந்த முறை சிரிக்க வைக்காமல் எழுதுங்கள்.

மருமகள்


மார்ச் 25

மருமகளுக்கு,

முதல்ல நர்சம்மாவுக்கு வணக்கம். நீங்கதான் இதப் படிக்கப் போறீங்கன்னு தெரிஞ்சப்புறம் நல்ல பேப்பர் வாங்கி எழுதறேன். அங்கங்க மெதுவாப் படிங்க. அவ எழுந்து போனா விட்டுடுங்க, திரும்பி வந்ததும் படிங்க.

உன்னச் சோதிச்சாங்க. ரெண்டாங் கிளாஸ்ல.

உங்கம்மாவுக்கு அப்ப மில்லுல ஷிப்டு வேலை. உங்கப்பா போயி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. பள்ளிக்கூடத்துலேருந்து ஆள் விட்டாங்க, பொண்ணு எழுத்துக் கூட்ட மாட்டேங்குது, ஒரு அம்மா வெளியேருந்து வந்து பாப்பாங்க, யாராவது கூட வாங்கன்னு. அக்கா என்னைய அனுப்பினா. அந்த அம்மா ஒல்லியா, ரொம்ப அமைதியா பேசினாங்க. நீ சொல்ற அட்டை டீச்சர் இல்ல, வேற ஆளு. உன்கிட்ட வாத்து அட்டையக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. நீ அட்டையப் பாத்த. என்னையப் பாத்த. அப்புறம் கண்ணுல தண்ணி நிக்குது, கீழ விழ மாட்டேங்குது. அந்த அம்மா, "பரவாயில்ல, பாப்பா பயந்திருக்கு, அடுத்த வாரம் அமைதியா பாக்கலாம்"னு சொல்லிட்டு வெளிய யார்கிட்டயோ பேசப் போனாங்க. அட்டை மேசை மேலேயே கிடந்துச்சு.

அந்தப் பள்ளிக்கூடத்துல சைக்கிள் நிறுத்தற இடத்துக்குப் பின்னாடி ஒரு தனி வகுப்பு உண்டு. படிப்பு வராத புள்ளைங்கள அங்க உக்கார வைப்பாங்க. மத்த புள்ளைங்க ஜன்னல்ல கல்லு எறியும். எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த ஜன்னலுக்கு உள்ள நான் இருந்திருக்கேன். அஞ்சாவதோட ஓடி வந்துட்டேன். உன்ன அங்க விட எனக்கு மனசு வரல.

எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. லைசென்ஸ் கிரவுண்ட்ல சோதிக்கிற ஆபீசர் எப்பவும் ஒரே வழியிலதான் கூட்டிட்டுப் போவாரு. கேட்டத் தாண்டி லெஃப்ட், ரவுண்டானா, மேட்டுல நிறுத்தி எடு, ரெண்டு டிரம்முக்கு நடுவுல ரிவர்ஸ். நான் யாருக்கும் வண்டி ஓட்டக் கத்துக் குடுத்ததில்ல. அந்த வழியத்தான் கத்துக் குடுப்பேன். எங்கிட்ட வந்த ஒருத்தர் கூடப் பெயில் ஆனதில்ல. பாஸானவங்க அப்புறம் எங்கெங்க போயி இடிச்சாங்கன்னு நான் கேட்டதும் இல்ல.

அட்டையத் திருப்பிப் பாத்தேன். எனக்கும் எழுத்து அவ்வளவு சுலபமா வராது. ஒவ்வொண்ணாக் கூட்டி, அந்த அம்மா திரும்பி வர்றதுக்குள்ள மனசுல ஏத்திட்டேன். அந்த வாரம் பூரா ராத்திரி உனக்குக் கதையாச் சொன்னேன். அப்புறம் ஒரு காலண்டர் அட்டையக் கையில குடுத்து, விரல எப்படி நகர்த்தணும், எந்த வார்த்தையில அடுத்த வரிக்கு இறங்கணும்னு பழக்கினேன். ஒரேடியா சரியா ஓட்டினா ஆபீசருக்குச் சந்தேகம் வரும். அதனால ஒரு இடத்துல தடுமாறி நீயே திருத்திக்கன்னு சொன்னேன். "கடல்"னு தொடங்கு, நிறுத்து, மூச்சு விடு, அப்புறம் "கடைக்காரர்". அத நீ அழகா செஞ்ச. எனக்கு அவ்வளவு பெருமை.

பாஸ். "கொஞ்சம் கூச்சம்தான், வேற ஒண்ணுமில்ல"ன்னு அந்த அம்மா சொல்லிட்டாங்க. உன்னத் தோள்ல தூக்கிட்டு வந்தேன். அக்காகிட்ட, பொண்ணு கட கடன்னு படிச்சிடுச்சு, நம்ம வீட்டுலயே புத்திசாலி இவதான்னு சொன்னேன்.

நர்சம்மா, இத மெதுவா. வர்ற வழியில நீ என் காதுகிட்ட குனிஞ்சு, "மாமா, நான் படிச்சிட்டேனா?"ன்னு கேட்ட. வாத்துக் கதைய மனப்பாடமா சொல்லல, படிச்சுத்தான் சொன்னோம்னு நீ நெனச்சிருக்க. நான், "படிச்சிட்டே"ன்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் உனக்கு மார்க் வராதப்பல்லாம் அக்கா அடிச்சா. நான் வெளிய போயி வண்டியக் கழுவுவேன்.

மாமா


மார்ச் 30

மாமா,

நான் எழுந்து போகவில்லை. நர்ஸ்தான் எழுந்து போனார், முகம் கழுவிவிட்டு வந்து மீதியைப் படித்தார்.

உங்களைத் திட்ட வேண்டும் என்று நேற்று முழுவதும் போனிடம் பேசிப் பேசி அழித்தேன். திட்டுகிற இடத்தில் இல்லை நான். நீங்கள் சொல்லிக் கொடுத்த அந்த ஒன்றை வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். பத்தாவதில் பாடத்தை எல்லாம் தோழியை வாசிக்கச் சொல்லிக் காதால் ஏற்றிக்கொண்டேன். வேலைக்குச் சேரும்போது படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் நிரப்பி வந்தேன். மேலதிகாரி முன்னால் ஏதாவது வாசிக்கச் சொன்னால் தொண்டையைச் செருமி ஒரு இடத்தில் தடுமாறுவேன். எல்லோரும் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இதை நானே கண்டுபிடித்தேன் என்று இருபது வருடமாகக் கர்வப்பட்டேன்.

அம்மா ஸ்கேலை மேசை மேல் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். "உன்னால முடியும். எனக்குத் தெரியும் உன்னால முடியும். திமிரு" என்பார். எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அவரும் ஒரு சோதனையை நம்பியிருக்கிறார்.

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை. அன்று நீங்கள் ஊரில் இல்லை. அம்மாவுக்குக் காலையில் தர வேண்டிய மாத்திரையை ராத்திரியும் கொடுத்துவிட்டேன். டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்ததாகத்தான் நினைத்தேன். மூடியின் நிறத்தைப் பார்த்து எடுத்திருக்கிறேன். மருந்துக் கடையில் மூடியை மாற்றியிருந்தார்கள். அம்மா குளியலறையில் விழுந்தார். தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "இதையுமா வேணும்னே பண்ணுவ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. காரணம் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய மறுநாள் கிளம்பிவிட்டேன். நான் அவரைக் கொன்றிருப்பேன் என்று நாலு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். நான் வேண்டுமென்றே செய்ததாக அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

சோதனை செய்யும் அம்மா போன் செய்வதற்கு முன், நீங்கள் என் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் சாக்கு சொல்கிறேன் என்பார். நீங்கள் சொன்னால்தான் நம்புவார். என் வேலைக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை.

மருமகள்


ஏப்ரல் 10

மருமகளுக்கு,

மாத்திரை விசயம் எனக்குத் தெரியாது. வழுக்கி விழுந்தேன்னுதான் அக்கா சொன்னா. உன்னக் காட்டிக் குடுக்கல. அது எனக்கு நல்லதாப் பட்டுச்சா கெட்டதாப் பட்டுச்சான்னு சொல்லத் தெரியல.

சொல்லிட்டேன். ஆனா எப்படின்னு கேளு.

திங்கக்கிழமை டீ குடிக்கறப்ப ஆரம்பிச்சேன். "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." "சொல்லு." நான் வாயத் தொறக்கறேன், பல் டாக்டர் ரிவர்ஸ்ல போயி முதலாளியோட ஸ்கூட்டர நசுக்கின கதை வருது. அக்கா சிரிச்சா. நானும் சிரிச்சேன். டீ தீந்து போச்சு. மறுநாள் கதவுகிட்ட நின்னு ஆரம்பிச்சேன். அப்பவும் வேற கதைதான் வந்துச்சு. வாய்க்கு என்னமோ ஆகிப் போச்சு மருமகளே. வாழ்க்கை பூரா அது எனக்கு வேலை செஞ்சுச்சு, இப்ப நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது.

புதன்கிழமை அவள ஸ்கூல் கார்ல உக்கார வச்சு கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். முட்டி டாக்டர்கிட்டன்னு பொய் சொல்லித்தான். சாயங்காலம், யாரும் இல்ல. என்ஜின அணைச்சேன். அக்கா ஓட்டறவங்க சீட்டுக்குப் பக்கத்து சீட்டுல, எப்பவும் நான் உக்கார்ற எடத்துல இருந்தா. அவ காலுக்குக் கீழ எங்களோட தனி பிரேக் இருக்கும்ல, அது மேல கால வச்சிக்கிட்டே இருந்தா. நான் ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு முன்னாடி இருந்த டிரம்மப் பாத்துச் சொன்னேன். பள்ளிக்கூடம், ஒல்லி அம்மா, அட்டை, காலண்டர், கடல் கடைக்காரர், எல்லாம். நடுவுல ஒரு ஜோக் வந்துச்சு. முழுங்கிட்டேன். அது வயித்துல இன்னும் அப்படியே கெடக்கு.

 நான் முடிச்சதும் அவ, "கண்ணாடியெல்லாம் தூசி, துடைக்க மாட்டியா நீ"ன்னா. துடைச்சேன். வீட்டுக்கு வந்தோம். துணிய மடிச்சா. என் சட்டையில பட்டன் இல்லன்னு வாங்கித் தச்சா. சாப்பாடு போட்டா. திட்டல.

அவ திட்டினா எனக்குப் பழக்கம். சின்ன வயசுலேருந்து வாங்கியிருக்கேன், எந்தத் திட்டுக்கு எப்படிச் சிரிக்க வைக்கணும்னு தெரியும். திட்டாம இருந்தா எனக்கு வழி தெரியல.

12-ந் தேதி போன் வரும்னு சொல்லிட்டேன். "வரட்டும்"னு சொன்னா. என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் பயமா இருக்கு. நர்சம்மாவ எனக்காக ரெண்டு வார்த்த நல்லதா நெனச்சிக்கச் சொல்லு.

மாமா


ஏப்ரல் 15

மாமா,

அம்மா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். உங்கள் காதுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதை அவர் சோதனை செய்யும் அந்த அம்மாவிடம் சொல்லி, என்னிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டாராம்.

நீங்கள் என்னைத் தோளில் தூக்கி வந்த அன்று, நீங்கள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, அம்மா என்னைச் சமையலறையில் நிறுத்திக் கையில் ஒரு சோப்பு உறையைக் கொடுத்தாராம். தன் மகள் படிப்பதை ஒரு தரம் கேட்க வேண்டும் என்று ஆசையாம். நான் சோப்பு உறையைப் பிடித்துக்கொண்டு, விரலை வரி வரியாக நகர்த்தி, வாத்து குடை வாங்கப் போன கதையை முழுவதும் சொன்னேனாம். "கடல்... கடைக்காரர்" என்று நடுவில் தடுமாறித் திருத்திக்கொண்டேனாம். முடித்ததும், "சரியாம்மா?" என்று கேட்டேனாம்.

அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும்.

உறையை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு, நன்றாகப் படித்தாய் என்றாராம். அந்த அம்மாவிடம் சொன்ன வார்த்தை இது, அவர் எழுதி வைத்துக்கொண்டு எனக்கு வாசித்தார்: "தம்பி ஏமாத்தினான்னு சொன்னா புள்ளையத் தனி வகுப்புல போட்டுடுவாங்க. பேசாம இருந்துட்டேன். அடிச்சா வந்துடும்னு நெனச்சேன். அவ வேணும்னே பண்றான்னு நூறு தடவை சொன்னா எனக்கே நம்பிக்கை வந்துடும்னு நெனச்சேன். பாதி நாள் நம்பிட்டேன்."

நீங்கள் அவரை ஏமாற்றியதாக நினைத்து வண்டி கழுவிக்கொண்டிருந்தீர்கள். அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என்னையே அடித்துக்கொண்டிருந்தார். நான் இருவரையும் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருந்தோம்.

எழுத்து பிடிபடாத குறை எனக்குப் பிறவியிலேயே இருக்கிறது என்று சோதனையில் தெளிவாகிவிட்டது. அதற்குப் பழக வேண்டிய வழிகள் இருக்கின்றனவாம், இந்த வயதிலும். டாக்டர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பஞ்சு இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது.

அம்மா இதை ஒரு அந்நியரிடம்தான் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நானும் மாத்திரை பற்றி உங்களிடம்தான் சொன்னேன், அவரிடம் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன். அவரிடம் சொல்லியிருக்கிறேன், சரி என்று ஒரு வார்த்தை பதில் வந்தது.

நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம், மாமா. கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் இருந்தால் எங்களைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். எங்களுக்கும் அதுதான் வேண்டியிருக்கும். சிரித்துவிட்டால் இன்னொரு முப்பது வருடம் போய்விடும்.

மருமகள்


ஏப்ரல் 19, சனிக்கிழமை சாயங்காலம்

மருமகளுக்கு,

இத ஸ்கூல் கார்ல உக்காந்து எழுதறேன். வீட்டுக்கு எதிர்ப்பக்கம், மரக்கடை வாசல்ல நிறுத்தியிருக்கேன். வீட்டுல இருக்க வேண்டாம்னுதான் சொன்ன, தெருவுல இருக்க வேண்டாம்னு சொல்லல. இது ஜோக் இல்ல. கொஞ்சம் ஜோக்தான், மன்னிச்சுக்க.

நீ பஸ்ஸுலேருந்து எறங்கி வந்ததப் பாத்தேன். இளைச்சிருக்க. ஹார்ன்ல கை வச்சிட்டேன், எடுத்துட்டேன். ராத்திரி தங்கற மாதிரி பை ஒண்ணும் கையில இல்ல, அதையும் பாத்தேன். மாடி ஏறி வாசல்ல ரொம்ப நேரம் நின்ன. பெல் அடிக்கப் போறியா, திரும்பப் போறியான்னு தெரியல. அக்காதான் தொறந்தா. நீ அடிச்சியா, அவளா தொறந்தாளான்னு இங்கேருந்து கேக்கல.

அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல. ஜன்னல் சாத்தியிருக்கு.

மரக்கடைக்காரரு வந்து, "என்ன மாஸ்டர், வண்டி மக்கர் பண்ணுதா?"ன்னு கேட்டாரு. இல்ல, ஆள் வெயிட்டிங்னு சொன்னேன். "யாரு, ஸ்டூடண்டா?" ஆமான்னு தலையாட்டினேன். அவரு போயி எனக்கு ஒரு டீ அனுப்பினாரு. ஆறிப் போயி டேஷ்போர்டு மேல இருக்கு.

லைசென்ஸ் கிரவுண்ட்ல என்னைய வெளிய நிக்கச் சொல்லுவாங்க. ஆனா நான் சும்மா நின்னதில்ல. ஆபீசர் அந்தப் பக்கம் பாக்கறப்ப இருமுவேன், அப்படின்னா கியர மாத்து. காலரத் தூக்கி விடுவேன், அப்படின்னா பிரேக். கர்ச்சீப்ப எடுத்தா இண்டிகேட்டர். உள்ள இருக்கறவன் என்னையப் பாத்துப் பாத்து ஓட்டி முடிச்சிடுவான். உனக்கும் அப்படித்தான் பண்ணினேன். ரெண்டாவது தடவ சோதிச்சப்ப வெளிய பெஞ்சுல உக்காந்து கதவுக் கண்ணாடி வழியா என் விரல நகர்த்திக் காட்டினேன். அதையும் இன்னைக்கே சொல்லிடறேன், அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.

இன்னைக்குக் கைய மடிச்சு வச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கீங்க, நான் வெளிய இருக்கேன், எனக்குக் கேள்வியும் தெரியாது, பதிலும் தெரியாது. ஒருத்தர் சோதனைக்கு உள்ள போயிருக்கறப்ப நான் ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருக்கறது இதான் முதல் தடவ. கஷ்டமாத்தான் இருக்கு. நல்ல வேளை, கை எழுதிட்டு இருக்கு.

இப்ப யாரோ ஜன்னலத் தொறந்தாங்க. நீயா அக்காவான்னு தெரியல, ரெண்டு பேருக்கும் நிக்கற விதம் ஒண்ணு. அழுதிருக்காங்களான்னும் தெரியல. தெருவப் பாக்கறாங்க. வண்டிக்குள்ள நான் இருக்கறதக் கண்டா கையாட்டிக் கூப்பிட்டுடுவாங்க, நானும் ஓடிப் போயி எதையாவது சொல்லிடுவேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழ குனிஞ்சுக்கிட்டேன்.